அந்தக்கரணமும் அறிவுமூலிகையும்: இராயபுரம் முதல் ஒற்றியூர்வரை

உடம்பு உயிரன்று, உடம்பிலுள்ள கருவிகளும் உயிரல்ல. இது சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தாற் பெறப்படும் முடிபு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் உயிரின் வேறாயினும், அரசன் அமைச்சரோடு கூடி அரசியல் நடாத்துமாறு போல, உயிர் அவற்றோடு கூடியே உலகினை அறியும் என்பது நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படுவது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு கடமை புலனாகும். அமைச்சன் நோயுற்றுக் கிடப்பின் அரசன் அழிந்தானல்லன். ஆயினும் அவனது ஆட்சி தடைப்படும். அதுபோலக் கருவி கெட்டவிடத்து உயிர் கெடுவதன்று. உயிரின் அறிவு விளங்குதல் தடைப்படும். ஆகவே கருவியைப் பேணுதல் உடம்பை உயிரென மயங்கியார் செயலன்று. கருவியின் பயனை உணர்ந்தார் செயலேயாம்.

மூளையே அந்தக்கரணம் எனக் கூறுதல் சித்தாந்தத்துக்கு ஒவ்வாது. மூளை ஐம்பூதங்களாலாகிய தூலவுறுப்பு. அந்தக்கரணங்கள் அதனினும் நுண்ணியன. எனினும், நனவின்கண் உயிர் முப்பத்தைந்து கருவிகளோடு புருவநடுவின்கண் நின்று தொழிற்படும் என நூல்கள் கூறுதலின், தூலவுடம்பின் தலைப்பகுதி நலிவுறின் நனவறிவும் நலிவுறும் என்பது எளிதிற் போதரும். இந்நலிவினைப் போக்கத் தமிழ்நாட்டார் தொன்றுதொட்டுச் சில மூலிகைகளைப் போற்றிவந்தனர். அவற்றுள் வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு, துளசி என்பன சிறந்தன. இவற்றின் வரலாற்றுள் ஒரு பகுதி சென்னையின் வடபால், இராயபுரம், ஒற்றியூர், எண்ணூர் என்னும் கடற்கரைப் பகுதியோடு தொடர்புடையது. அதனை ஆராய்வான் புகுந்தது இக்கட்டுரை.

ஒற்றியூரின் பழஞ்சிறப்பு

திருவொற்றியூர் பாடல்பெற்ற தலம் என்பதும், பட்டினத்தடிகள் சிவப்பேறெய்திய இடம் என்பதும், கலியநாயனார் விளக்குத்தொண்டு செய்த ஊர் என்பதும் சைவர் யாவரும் அறிந்தன. அது கல்விக்கும் உறைவிடமாக விளங்கிற்று என்பது கல்வெட்டுக்களாற் புலனாம். பத்தாம் நூற்றாண்டில் சதுரானன பண்டிதர் என்பார் இவ்வூர் மடத்துக்குத் தலைவராயிருந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இத்திருக்கோயிலின்கண் வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்னும் பெயரால் இலக்கண விரிவுரைக்கென ஒரு மண்டபம் இருந்தது. ஏட்டினும் மனத்தினையே பெரிதும் நம்பிக் கற்ற அக்காலத்து மாணாக்கர்க்கு நினைவாற்றல் எத்துணை இன்றியமையாததென்பது கூறாமலே விளங்கும்.

கருவி கெடின் அடியார்க்கும் துன்பம் உண்டென்பதற்கும் இவ்வூரே சான்று பகர்கின்றது. சங்கிலியாரை மணந்த சுந்தரமூர்த்திகள், பிரியேன் என மகிழின்கீழ்ச் செய்த சூளுறவு பிழைத்து ஒற்றியூரெல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தனர். "உடம்பு மாயையின் காரியம், கண் போயின் என்?" என்று அவர் வாளாவிருந்திலர். தலந்தோறும் முறையிட்டுப் பாடிக் கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றனர் என்பது வரலாறு. கருவியின் அருமையை இதனினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

தொண்டைநாட்டில் மருத்துவம் அறநிலையங்களோடு இயைந்து நடந்தமைக்குச் சிறந்த சான்று திருமுக்கூடற் கல்வெட்டு. பாலாறு, செய்யாறு, வேகவதி என்பன கூடுமிடத்துள்ள அப்பெருமாள் கோயிலில், வீரராசேந்திரன் காலத்தில், ஏறத்தாழ 1069-இல் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, மாணாக்கர் விடுதியோடமைந்த ஆதுலசாலை ஒன்றனைக் கூறும். பதினைந்து நோயாளர்க்குப் படுக்கை, மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மருந்து கொணர்வார், பணிப்பெண்டிர் என யாவும் அதன்கண் வகுக்கப்பட்டுள. ஓராண்டைக்கென இருப்பு வைக்கும் இருபது வகை மருந்துகளின் பட்டியும் அதிலுண்டு. அப்பட்டியுள் முதற்கண் நிற்பது 'பிராஹ்மியம் கடும்பூரி' என்பது. பிராமி என்னும் வடசொல் வட்டாரந்தோறும் வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் மாறிமாறி வழங்குவது. ஆதலின் பெயரொன்றையே கொண்டு இஃது இன்ன பூண்டு எனத் துணிதல் கூடாது. அறிவுமூலிகையின் பெயரோடு இயைந்த மருந்தொன்று கல்விச்சாலையை அடுத்த ஆதுலசாலையில் முதலிடம் பெற்றதென்னும் அளவே கொள்ளற்பாலது.

சரகர் நூலும் அறிவு வளர்க்கும் இரசாயனங்கள் நான்கினைக் கூறுமிடத்து மண்டூகபர்ணியின் சாற்றினை முதற்கண் வைத்தது. மண்டூகபர்ணி என்பது வல்லாரை. தமிழ்நாட்டு மனைகளிலோ அது மருந்தென்னும் பெயரும் பெறாது கீரையாகவே துவையலிலும் கூட்டிலும் கலந்து, படிக்கும் பிள்ளைகளுக்கு ஊட்டப்பட்டு வந்தது.

இராயபுரத்து ஆய்வு

ஐரோப்பிய மருத்துவர் இந்நாட்டு மருந்துகளை ஆராயப் புகுந்தபோது வல்லாரையும் அவர் கண்ணிற் பட்டது. சென்னையில் இருந்த வைட்லா ஐன்சிலி என்னும் மருத்துவர் 1813-இல் இந்நாட்டு மருந்துப்பொருள்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டு, பின்னர் 1826-இல் அதனை விரித்தெழுதினார். வல்லாரையிலையை வாட்டி வெந்தயத்தோடு ஊறவைத்து வடித்த நீரைக் குழந்தைகளின் வயிற்றுநோய்க்கும் சுரத்துக்கும் தமிழர் கொடுப்பர் என்பதும், அடிபட்ட வீக்கத்தின்மேல் அவ்விலையை வைத்துக் கட்டுவர் என்பதும் அவர் குறித்தவை.

இராயபுரத்தில், இன்று ஸ்டான்லி மருத்துவமனை என வழங்கும் நிலையத்தின் தோற்றம் பஞ்சத்தோடு தொடர்புடையது. 1782-ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்க்க எழுந்த மணியக்காரர் சத்திரமே அதன் வித்து. அதுபற்றியே அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என மக்கள் நெடுங்காலம் அழைத்தனர். அச்சத்திரத்தையடுத்து ஆதரவற்ற நோயாளர் நிலையமும், தொழுநோயர் மருத்துவமனையும் அமைந்தன. உறவினராலும் ஊராராலும் கைவிடப்பட்டோர் வந்து சேர்ந்த இடம் அது.

1850-களின் தொடக்கத்தில் மொரீசுத் தீவினின்றும், வல்லாரை தொழுநோயைத் தீர்க்கும் என்னும் செய்தி பரவிற்று. சென்னைத் தொழுநோயர் மருத்துவமனையில் ஹண்டர் என்னும் மருத்துவர் அதனை விரிவாக ஆய்ந்து, 1855-ஆம் ஆண்டுச் சென்னை மருத்துவ அறிக்கையில் தம் முடிபை வெளியிட்டார். வல்லாரை தொழுநோய்க்கு உறுமருந்து எனப்படும் தகுதியுடையதன்று. ஆயினும் நோயின் கொடுமையைத் தணித்து, நோயாளரின் பொதுநலத்தை மேம்படுத்துதற்குப் பெரிதும் பயன்படுகின்றது என்பதே அம்முடிபின் சாரம். 1868-இல் வாரிங் என்பார் பதிப்பித்த இந்திய மருந்துத்தொகை நூலில் வல்லாரை அரசாங்க ஒப்புதல் பெற்ற மருந்தாக இடம்பெற்றது.

இவ்வாய்வின் நேர்மை பாராட்டற்பாலது. மிகைபடக் கூறிய புகழை ஹண்டர் மறுத்தார். உண்டான நலத்தை மறைத்திலர். ஆயினும் ஒரு குறை நின்றது. ஆய்ந்தோர் நோக்கியதெல்லாம் தோலும் புண்ணுமே. தமிழ்நாட்டுத் தாய்மார் எதன்பொருட்டு வல்லாரையைத் தம் மக்களுக்கு ஊட்டினரோ அந்த அறிவுநலம் ஆய்வின் எல்லைக்குள் வந்திலது. பின்னர் 1940-களின் தொடக்கத்தில் மதகாசுகர்த் தீவின் வல்லாரையிலிருந்து ஆசியாட்டிகோசைட் என்னும் சத்தினைப் பிரித்தெடுத்தபோதும் அது புண்ணாற்றும் மருந்தாகவே பெயர்பெற்றது. 'பொதுநலம் மேம்பட்டது' என்று இராயபுரத்திற் கண்ட குறிப்பின் உட்பொருளை ஆராய ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இராயபுரத்தில் இவ்வாய்வு நிகழ்ந்த அக்காலத்தே, இராமலிங்க அடிகள் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வதிந்தனர். 1851-இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தவரும், ஒற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மையையும் அடிக்கடி சென்று வழிபட்டுப் பாடியவரும் அவரே. 1858-இல் அவர் சென்னையை நீத்தனர். நாள்தோறும் ஒழுகவேண்டிய முறைபற்றி அவர் பின்னர் எழுதிய உரைநடைக் குறிப்புகளில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை முதலியன இடம்பெறுகின்றன. நோக்கற்பாலது யாதெனின், அடிகள் மூலிகையைத் தனித்துக் கூறாமையே. வைகறைத் துயிலெழுதல், அமர்ந்து தியானித்தல், அளவான உணவு, அளவான துயில், அச்சமும் கவலையும் அணுகாது காத்தல் என்னும் ஒழுக்கங்களின் நடுவிலேயே மூலிகை வைக்கப்பட்டது. ஒரே காலத்தில், ஒரே நகரின் வடபால், ஒருவர் மூலிகையை நோயினின்று பிரித்து அளந்தார். மற்றொருவர் அதனை வாழ்க்கையோடு சேர்த்து வைத்தார். இவ்விரு நெறிகளும் பின்னர்க் கூடவேண்டியிருந்தன.

ஓசை புகுந்த வரலாறு

ஹண்டரது அறிக்கை வெளிவந்த மறுவாண்டில், 1856 சூலை 1-ஆம் நாள், தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று வாலாசாவை நோக்கிப் புறப்பட்டது. நெய்தல்நிலத்து அலையோசையும் கோயில் மணியோசையுமே கேட்டிருந்த பகுதியில் இரும்பின் ஓசை புகுந்தது அன்றுதான். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-இல் புயலால் சிதைந்தும் மீளக் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஒற்றியூரில் தொழிற்சாலைகள் பெருகின. எண்ணூரில் 1940-களின் இறுதியில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும், 1970-இல் அனல்மின் நிலையமும் தோன்றின. அவ்வனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. மணலியில் 1969-இல் எண்ணெய் சுத்திகரிப்பாலை இயங்கத் தொடங்கிற்று. 2001-இல் எண்ணூரில் மற்றொரு துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஒற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசையிட்டு நிற்பது இப்பகுதியார்க்குப் பழகிய காட்சியாயிற்று.

ஓசை வானத்தின் குணம். செவி அதனைப் பற்றும் பொறி. கண்ணுக்கு இமையுண்டு, செவிக்கு மூடியில்லை. உறங்குவான் செவியும் ஓசையைத் தடுக்கவல்லதன்று. ஆதலின் ஏனைய புலன்களின்வழி வரும் துன்பத்தினும் ஓசைவழி வருந்துன்பம் ஒழியாது தாக்குவது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஓசைமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும், தொழிற்பகுதிக்குப் பகலில் 75-உம் இரவில் 70-உம் எல்லையாக வைத்தன. குடியிருப்பும் தொழிற்சாலையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் வடசென்னையில் இவ்வெல்லைகளைப் பிரித்துக் காண்பதே அரிது.

நலிவுற்ற மூளையைப்பற்றிய புத்தறிவு

1936-இல் மாண்ட்ரீல் நகரிலிருந்த ஆன்ஸ் செல்யே என்பார், குளிர், காயம், நஞ்சு எனத் தாக்கும் பொருள்கள் வேறுவேறாயினும் உடம்பு அவற்றுக்குக் காட்டும் எதிர்ச்செயல் பொதுவாய் ஒருதன்மைத்தாயிருத்தலைக் கண்டு வெளியிட்டார். இதுவே பின்னர் 'ஸ்ட்ரெஸ்' எனப் பெயர்பெற்றது. தமிழில் நெருக்குறவு எனலாம். சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பிகள் கார்டிசால் முதலிய நீர்களைச் சுரந்து உடம்பை எதிர்நிற்கச் செய்கின்றன. இஃது அளவோடு நிகழின் காவல். ஓயாது நிகழின் கேடு. அக்கேட்டுக்கு மிகுதியும் இலக்காவது நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி.

இக்கேடு நிகழுமாறு யாங்ஙனமெனின், கூறுதும். மூளை உடலெடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் ஏற்கும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கை அதுவே செலவிடுகின்றது. விறகு எரியுமிடத்துப் பொறி பறப்பது போலப் பிராணவாயு பயன்படுமிடத்துச் சில தீவிர அணுத்திரள்கள் தோன்றுகின்றன. இவை அண்டையிலுள்ள கொழுப்பினையும் புரதத்தினையும் தாக்கி, இரும்பினைத் துரு அரிப்பதுபோல அரிக்கும். மூளையோ எளிதில் இவ்வாறு கெடும் கொழுப்பு நிறைந்த உறுப்பு. முதுமைக்கு இத்திரள்களே காரணமாகலாம் என டென்ஹாம் ஹார்மன் 1956-இல் கருத்துரைத்தார். இவற்றுள் ஒன்றனை அடக்கும் நொதி உடம்பினுள்ளேயே உண்டென்பதை மக்கார்டு, பிரிடோவிச் என்னும் இருவர் 1969-இல் நிறுவினர். அரிப்பும் காவலும் நிகர் நில்லாது அரிப்பு மேற்படும் நிலைக்கு 1985-இல் ஹெல்முட் சீஸ் என்பார் 'ஆக்சிசனேற்ற நெருக்குறவு' எனப் பெயரிட்டார். அவ்வரிப்பினைத் தடுக்கும் பொருளே ஆக்சிசனேற்றத் தடுப்பி. மூலிகைகளின் ஆற்றலை அளத்தற்கு இதனால் ஒரு புதிய அளவுகோல் கிடைத்தது.

சென்னையிலும் பிறவிடத்தும் நிகழ்ந்த ஆய்வுகள்

ஓசையால் மூளைக்கு வரும் கேட்டினையும், அதற்கு மூலிகை தரும் காவலையும் நேராக ஆராய்ந்தோர் சென்னையிலேயே இருந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தரமணி அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தின் உடலியல் துறையினர் 2005-ஆம் ஆண்டையொட்டி இவ்வாய்வுகளை வெளியிட்டனர். வெள்ளெலிகளை நாளொன்றுக்கு 4 மணி நேரமாக 30 நாள் 100 டெசிபல் ஓசையில் வைத்தனர். பின்னர்ப் பெருமூளைப்புறணி, சிறுமூளை, ஹிப்போகாம்பஸ், ஹைப்போதலாமஸ் முதலிய பகுதிகளைத் தனித்தனி ஆய்ந்தனர். கொழுப்பின் அரிப்பு மிகுந்தும், குளுதாதியோன், உயிர்ச்சத்துக்களாகிய சி, ஈ என்னும் காவற்பொருள்கள் குறைந்தும் காணப்பட்டன. வசம்பின் சாரமும், அதன்கண் உள்ள ஆல்பா-ஆசரோன் என்னும் சத்தும் கொடுக்கப்பட்ட எலிகளிலோ இக்கேடு பெரிதும் தடுக்கப்பட்டது.

அத்துறையினரே 2006-இல், நெடுநாள் ஓசையில் வைக்கப்பட்ட எலிகள் வழியறியும் நினைவிற் பிழைத்தலையும், அவற்றின் நரம்பணுக்களின் கிளைகள் குறைதலையும் கண்டனர். ஓசையாற் பிறழ்ந்த நரம்புச் செய்திப்பொருள்களைத் துளசியின் சாரம் சீர்செய்தலும் அவர் ஆய்வுகளாற் புலனாயிற்று.

வல்லாரைக்கும் அதற்குரிய இடம் மீண்டது. 2002-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தார், வல்லாரையின் நீர்ச்சாரத்தை எலிகளுக்கு 21 நாள் கொடுத்து ஆய்ந்தபோது, கற்றலும் நினைவும் மேம்பட்டன, மூளையில் கொழுப்பின் அரிப்பு குறைந்தது, குளுதாதியோன் மிகுந்தது. நீர்ப்பிரமியைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து, எலிமூளையின் மூன்று பகுதிகளில் காவல்நொதிகள் வலுப்பெறுதலை 2000-இல் வெளியிட்டனர். 2001-இல் ஆஸ்திரேலியாவில் நோயற்ற மாந்தர்க்கு 12 வாரம் நீர்ப்பிரமிச் சாரம் கொடுத்து நிகழ்த்திய ஆய்வில், கற்கும் விரைவிலும் கண்டதை உணரும் விரைவிலும் மேம்பாடு காணப்பட்டது.

இவ்வாற்றான், 1855-இல் இராயபுரத்தில் 'பொதுநலம்' என்னும் பொதுச்சொல்லாற் குறிக்கப்பட்டு நின்ற பூண்டு, ஒரு நூற்றைம்பதாண்டுக்குப்பின் மூளையின் நலம் என்னும் சிறப்புப்பொருளில் ஆராயப்பட்டது. தாய்மார் அறிந்ததை ஆய்வுக்கூடம் தன் மொழியிற் கூறத் தொடங்கியது.

தடையும் விடையும்

அற்றேல், மூலிகையால் அறிவு விளங்குமெனின், அறிவை மறைப்பது ஆணவமலம் என்னும் கொள்கை என்னாம் எனின், அறியாது கூறினாய். உயிர் தானே உணரமாட்டாமைக்குக் காரணம் சகசமலம் என்று ஆசிரியர் அந்நான்காஞ் சூத்திரத்துள்ளேயே ஓதினர். மாயையின் காரியமாகிய கருவிகள் அவ்விருளிடத்து ஏற்றிய விளக்குப் போல்வன. விளக்கின் திரியைத் தூண்டுவான் இரவைப் பகலாக்கினானல்லன். விடியுமளவும் பொருள்களைக் காணத் துணைசெய்தான். மூலிகை திரியைத் தூண்டும் அளவினது. விடியல் திருவருளின் செயல். மூலிகையால் ஞானம் பெறலாமென விளம்பரம் செய்வோர் இவ்வேற்றுமையை அழிக்கின்றனர். திரியைத் தூண்டுதல் வீண் என்பாரும் அவர்க்கு மறுதலையாய்ப் பிழைக்கின்றனர்.

எலியின்கண் கண்டது மனிதர்க்குப் பொருந்துமோ எனின், முற்றும் பொருந்துமெனத் துணிதல் கூடாது. எலிக்கு அளித்த சாரம் அடர்த்தி மிக்கது. மனிதர் உண்ணும் கீரை அவ்வளவினதன்று. மனிதர்பால் நிகழ்ந்த ஆய்வுகள் சிலவே. அவையும் சிறு தொகையினரிடத்தும் சில வாரங்களுக்குமே நிகழ்ந்தன. மேலும், மருந்து எனப்படுவது தீங்கின்றியே இராது. வசம்பிலுள்ள பீட்டா-ஆசரோன் எலிகளிற் புற்றுநோய் விளைத்தல் கண்டு அமெரிக்க அரசாங்கம் 1968-இல் வசம்பினை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. நம் நாட்டு வசம்பில் இப்பொருள் மிகுதி. குழந்தைக்கு வசம்பினை உரைப்பார் அதனைச் சுட்டுக் கரியாக்கியே சிறிதளவு உரைத்தலும், பிள்ளைவளர்ப்பான் எனப் பெயரிட்டு வழங்கியும் அளவினை இறுகப் பிடித்தலும் ஈண்டு நினைக்கத்தக்கன. வல்லாரையை மாத்திரைவடிவில் நெடுநாள் உண்டார் சிலர்க்குக் கல்லீரல் தாக்குற்றதும் 2005-இல் வெளியாயிற்று. ஆகவே கீரையைக் கீரையாக உண்டலும், மருந்தாகக் கொள்ளும்போது தேர்ந்த மருத்துவரைக் கேட்டலுமே முறை. இராயபுரத்து ஹண்டர் காட்டிய நெறியும் அதுவே: இல்லாத சிறப்பை ஏற்றாமை, உள்ள நலத்தை மறையாமை.

இனி, மூலிகை காக்குமெனின் ஓசையையும் புகையையும் ஒழிக்க முயல்வதென்னை எனின், இவ்வினாவே எல்லாவற்றினும் கொடிது. தரமணி ஆய்வு இருவேறு உண்மைகளை ஒருங்கே நிறுவிற்று. வசம்பு காத்தது என்பது ஒன்று. ஓசை கெடுத்தது என்பது மற்றொன்று. முதலாவதைப் பறையறைந்து இரண்டாவதை மறப்பது நடுவுநிலைமையன்று. வீட்டினுள் நாள்தோறும் நஞ்சினைத் தெளித்துவிட்டு, முறிமருந்து உண்டெனக் களிப்பானை உலகம் அறிவுடையான் என்னாது.

அன்றியும், அம்மூலிகைகள் வளர்தற்குரிய நிலமும் நீருமே கெட்டுவருகின்றன. வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈரநிலத்துப் பூண்டுகள். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்வன. எண்ணூரிலோ கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் நெடுங்காலம் படிந்தது. 2023 திசம்பரில் மிச்சாங் புயல்வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அக்கழிமுகத்திற் பரந்தது. அம்மாத இறுதியிலேயே அமோனியா கசிந்து நள்ளிரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினர். ஈரநிலப் பூண்டுகள் நீரிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களைத் தம்முள் ஈர்ப்பன. ஈயமோ குழந்தைகளின் மூளையைக் கெடுப்பதில் முன்னிற்பது. ஆதலின், மாசுபட்ட நீரில் விளைந்த வல்லாரை, அறிவு வளர்க்கும் என நம்பி ஊட்டப்படும் பிள்ளைக்கு அறிவு கெடுக்கும் பொருளையே கொண்டுவருதல் கூடும். நீர் தூயதாயினன்றி மூலிகை மூலிகையாகாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் போந்தன இவை. கருவியைப் பேணுதல் சைவநெறிக்கு மாறன்று. வல்லாரை முதலியவற்றால் நலிவுற்ற மூளைக்கு ஒருவகைக் காவல் உண்டென்பது முன்னோர் வழக்காலும் இக்காலத்து ஆய்வாலும் பெறப்படும். அக்காவல் அளவுடையது, மலத்தை நீக்கும் ஆற்றல் அதற்கில்லை, நலிவின் காரணத்தை ஒழிக்கும் கடமையையும் அது போக்காது. கருவிக்கு மருந்தும், கருவி வாழும் ஊர்க்கு அமைதியும் ஒருங்கே வேண்டும்.

அறிவினைத் தனுகரணங்களின்வழி விளக்குவிப்பான் இறைவன் எனக் கொள்ளும் சைவர்க்கு, இரவு முழுதும் உறக்கமின்றிச் செவியில் இரும்போசை தாங்கிக் காலையில் பள்ளிக்குச் செல்லும் ஒற்றியூர்ச் சிறுவனின் நலிவும் சமயத்தின் புறத்ததாகாது. அவன் கையில் ஏட்டினையும் கலத்தில் வல்லாரையினையும் தருவது நன்று; அவன் உறங்கும் இரவினையும் மீட்டுத் தருவது அதனினும் நன்று. ஒற்றியூரெல்லையிற் கண்ணிழந்த அடியார்க்கு மீளக் கண்ணளித்த பெருமான், கருவியின் அருமையை அவ்வூரார்க்கு என்றோ உணர்த்தியுள்ளான். அதனை மறவாது ஒழுகுதல் அவ்வூரார்க்கும் ஏனையோர்க்கும் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.